யாரும் வராமற்போன பக்கம்

இந்த மாதத்தோடு மதுரங்குளி அலுவலகத்தில் என் கதிரை காலியாகிறது. மேற்படிப்புக்குப் போகிறேன்; எனக்குப் பிறகு இங்கே தளங்களைப் பார்க்க வரப்போகும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். முப்பதைத் தொடாத ஒருத்தி ஓய்வுபெற்ற அதிபர் மாதிரி அனுபவம் எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். ஆகவே வேலையை விட்டுப் போகும்போது எழுதிவைத்துவிட்டுப் போகும் முதல் ஆளும் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒரு தளம் தேடலில் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் வராத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். அது என்னுடைய சொந்தத் தளத்தின் கதை.

இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னால் நான் பாலாவியில், வீட்டின் முன்னறையில் தனியாக வேலை செய்தேன். சீமெந்து லொறி போனால் மேசை நடுங்கும். பிறருடைய கடைகளுக்கும் விடுதிகளுக்கும் தளம் செய்து கொடுப்பேன். வாப்பா உப்பளத்துக்குப் போய்விடுவார். உம்மாவைக் கேட்டால், "மகள் நெட்டுல என்னமோ பண்ணுறா" என்பார். தம்பிக்கு நான் நாள் முழுக்கப் படம் பார்ப்பதாக நினைப்பு. பல்கலைக்கழகத்துத் தோழிகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். வேலையைப் பற்றி நான் கதைத்த ஒரே ஆள் சிலாபத்தில் இருந்த ஒரு பெண். என்னைவிடச் சில வயது மூத்தவர், தளங்களை ஏற்றிவைக்கும் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். அவரை நான் நேரில் கண்டதே இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை.

சொந்தத் தளத்தை நான் பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் தொடங்கினேன். வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கானது அது. ஹொஸ்டலுக்கு என்ன கொண்டுபோவது, நேர்முகப் பரீட்சைக்குப் போனால் எங்கே உட்காருவது, விரிவுரையாளர் இங்கிலிஷில் கேட்டால் என்ன செய்வது என்றெல்லாம் எழுதியிருந்தேன். அதிகம் பேர் வந்தது ஒரே ஒரு பக்கத்துக்குத்தான். 'வாப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, விண்ணப்பத்தில் என்ன செய்வது?' என்பது அதன் தலைப்பு. கைநாட்டு வைக்கலாம், ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர் முன்னால் வைக்க வேண்டும், அவர் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும் என்று அதில் விளக்கியிருந்தேன். உப்பு வேலை செய்கிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், முதல் நாளே தேங்காய் எண்ணெய் பூசிவைத்தால் கொஞ்சம் தெளிவாக விழும் என்றும் எழுதியிருந்தேன். மேலே வாப்பாவின் பெருவிரல் பதிவின் படம் ஒன்று இருந்தது.

ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக விண்ணப்பக் காலத்தில் அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வருவார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் தெரியும். திரையில் அந்த எண்ணிக்கையைக் காட்டும் கோடு மேலே போகும்போது, முன்னறையில் என்னோடு யாரோ இருப்பது போல இருக்கும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு ஒரு வருடம், விண்ணப்பக் காலத்துக்குச் சில மாதங்கள் முன்னால், தளத்தைப் புதிதாக்கினேன். அதற்குக் காரணம் தம்பி. தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் தமிழ் எழுத்தில் இருந்தது. தமிழ் முகவரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்துகள் எல்லாம் உடைந்து, சதவீதக் குறியும் எண்களுமாக மூன்று வரிக்கு நீளும். தம்பி அதைக் கண்டுவிட்டு, "லாத்தா, இது வைரஸ் லிங்கா? தொட்டா போன் வெடிச்சிடுமா?" என்று அவனுடைய கூட்டாளிகளுக்கு முன்னால் கேட்டான். நான் பட்டதாரி. பிறருக்கு அழகாகத் தளம் செய்து கொடுக்கிறவள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிழமையே, ஏழு நாளுக்குள், எல்லா முகவரிகளையும் சின்னச் சின்ன இங்கிலிஷ் எழுத்துகளுக்கு மாற்றினேன். பாரம் குறையட்டும் என்று பழைய படங்களைக் கழற்றினேன். விரல் பதிவு இருந்த இடத்தில் யாரோ வெள்ளைக்காரன் பேனா பிடித்திருக்கும் படம் வந்தது. சேர்வரையும் மாற்றி, பழையதை அழித்தேன். ஒவ்வொரு பக்கமாகச் சொடுக்கிப் பார்த்தேன். எல்லாம் திறந்தன.

விண்ணப்பக் காலம் வந்தது. கோடு ஏறவில்லை. ஏறாதது மட்டுமல்ல, இறங்கியது. இறங்கி இறங்கி, தரையில் போட்ட கயிறு மாதிரிக் கிடந்தது.

அந்தக் கிழமைகளில் நான் செய்தவற்றை நீங்களும் செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். காலையில் தலைப்பை மாற்றினேன், மாலையில் திரும்ப மாற்றினேன். ஒரு பக்கத்தை இரண்டாக உடைத்தேன், பிறகு ஒட்டினேன். எது எதைக் கெடுத்தது என்று எனக்கே தெரியாத அளவுக்குத் தொட்டுக்கொண்டே இருந்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் கோல் எடுத்துப் பேசினார். வெளித்தளங்களிலிருந்து என் தளத்துக்கு நூற்றுக்கணக்கில் லிங்க் போட்டுத் தருவாராம்.

"மிஸ், ரெண்டு கிழமையில முதல் பக்கத்துல நிப்பீங்க. கேரண்டி."

"எந்தத் தளங்கள்ள போடுவீங்க?"

"அது எங்கட இரகசியம் மிஸ். சாப்பாட்டுக் கடைக்குப் போனா குசினிக்குள்ள எட்டிப் பாக்குறோமா?"

"நான் பாக்குறனான்," என்றேன். அவர் சிரித்தார். நான் வைத்துவிட்டேன். அதைப் பெரிய உறுதி என்று நினைக்க வேண்டாம். அடுத்த நாளும் அவர் எடுத்திருந்தால் ஓம் என்றிருப்பேன். என்னைப் பற்றி யாராவது கதைப்பதே பெரிதாக இருந்த நாட்கள் அவை.

சிலாபத்துக்காரிக்கு எடுத்தேன். சிங்களமும் தமிழுமாகத்தான் கதைப்பார், தங்கச்சி என்பதை நங்கி என்பார்.

"நங்கி, நீ ஒண்டும் செய்யாத. கைய மடியில வை."

"கைய வச்சிட்டு எப்படி இருக்கிறது அக்கா? இன்னும் கொஞ்ச நாள்ல விண்ணப்பம் முடியுது."

"உன்ட கஸ்டமர் ஒருத்தர் இப்பிடி வந்தா, முதல்ல என்ன கேப்ப?"

"கடைசியா என்ன மாத்தினீங்க எண்டு கேப்பன்."

"ம். அதக் கேட்டியா உன்கிட்ட?"

கேட்கவில்லை. எனக்கு நானே வாடிக்கையாளராக இருந்தபோது, வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். அன்று உட்கார்ந்து யோசித்தேன். முகவரிகள் மாறியது நினைவுக்கு வந்தது. ஆனால் நான்தான் எல்லாவற்றையும் சொடுக்கிப் பார்த்தேனே, எல்லாம் திறந்தனவே என்று அதை ஒதுக்கிவைத்தேன். முகப்பிலிருந்து உள்ளே போகும் வழியைத்தான் பார்த்தேன். வெளியிலிருந்து, பழைய லிங்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் என்ன காண்கிறாள் என்று பார்க்கவில்லை. ஒரு தளத்துக்குச் சொந்தக்காரிக்கு அவளுடைய தளத்தின் லிங்கை யாரும் அனுப்புவதில்லை. எனக்கு அனுப்ப எப்படியும் யாரும் இருக்கவில்லை.

அனுப்பியது ரிஸ்னா. கற்பிட்டிக்கு அப்பால் கண்டக்குழியில், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. முன்பின் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், தளத்தில் இருந்த என் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. "லாத்தா உங்கட பக்கம் இல்லாமப் போயிட்டு" என்று எழுதி, திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மேலே, தம்பி வைரஸ் என்ற அதே நீண்ட முகவரி. கீழே, வெள்ளைத் திரையில் 'பக்கம் இல்லை' என்ற இரண்டு சொற்கள்.

பார்த்த கணமே விளங்கிவிட்டது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய இடத்துக்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டை நான் செய்யவில்லை. ஊர் ஊராக வாட்ஸ்அப் குழுக்களில் கிடந்த லிங்குகள் எல்லாம் இந்த வெள்ளைத் திரையில் போய் முட்டியிருக்கின்றன. தேடுபொறி அறிந்திருந்ததும் அந்தப் பழைய முகவரிகளைத்தான். அதுவும் வந்து வந்து ஒன்றும் இல்லை என்று கண்டு, என்னைக் கைவிட்டிருக்கிறது. கிழமைக் கணக்காகத் தேடிய பிழை, ஒரு பிள்ளையின் போனிலிருந்து வந்து என் கையில் விழுந்தது. என் கை உடனே மடிக்கணினிக்குப் போனது. அன்று பின்னேரம் முழுவதும் இருந்தால் எல்லா முகவரிகளையும் திருப்பிவிடலாம்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிழையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், பிழையைக் காட்டித் தந்த ஆள் மறந்துபோகும். எனக்கும் சில நிமிடம் மறந்துபோனது. புதிய முகவரியை ரிஸ்னாவுக்கு அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினேன். போன் திரும்ப அடித்தது. இந்த முறை அவளே கோல் எடுத்திருந்தாள்.

"லாத்தா, இதுல அந்தப் போட்டோ இல்லயே."

"எந்தப் போட்டோ? கைநாட்டு எப்படி வைக்கிறது எண்டு கீழ எல்லாம் எழுதியிருக்கன், வாசிங்க."

"அது எனக்குத் தெரியும் லாத்தா. மாமிட மகள் போன வருசம் உங்கட பக்கத்தப் பாத்துத்தான் நிரப்பினா, அவ சொல்லித் தந்துட்டா. எனக்கு அந்த விரல் போட்டோதான் வேணும். வாப்பாக்குக் காட்டணும்."

"ஏன்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தது. "வாப்பா வைக்க மாட்டாராம். அவர் கைநாட்டு வச்சா, அங்க என்ன இளக்காரமாப் பாப்பாங்களாம். நீயே கிறுக்கிப் போடு, இல்லாட்டி சாச்சாட்டப் போ எண்டுறார். பிறகு அது பிடிபட்டா என்ட விண்ணப்பம் போயிடும் லாத்தா. இன்டைக்கு வெள்ளி எண்டதால கரையில நிக்கிறார். விடிய கடலுக்குப் போனா வர நாலஞ்சு நாள் ஆகும். திங்கக்கிழமை கடைசி."

அந்தப் பக்கத்துக்கு ஏன் அவ்வளவு பேர் வந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விதிமுறைக்காக வரவில்லை. விதிமுறை எங்கேயும் கிடைக்கும். தன் வாப்பாவின் விரலைத் தளத்தில் போட்ட ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டுவதற்காக வந்திருக்கிறார்கள். நான் அந்த விரலைக் கழற்றிவிட்டு வெள்ளைக்காரனின் பேனாவை வைத்திருந்தேன்.

படம் என்னிடம் இல்லை. அதை எடுத்த போன் செத்து வருடங்களாகிறது. பழைய சேர்வரை நானே அழித்தேன். மடிக்கணினியை மூடினேன். கோடு இன்னும் கொஞ்ச நேரம் தரையில் கிடக்கட்டும்.

வாப்பா கைகழுவிவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா, ஒரு கைநாட்டு வேணும்."

"வீட்ட எழுதி வாங்கப் போறியா?"

"இல்ல. ஒரு மனுசனுக்குக் காட்டணும்." விசயத்தைச் சொன்னேன். அவர் பெருவிரலைத் தூக்கித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மை இல்லை. ஜும்ஆவுக்குப் போக வாப்பா கண்ணுக்குப் போட்ட சுர்மா அலுமாரியில் இருந்தது. உம்மா அதில் கொஞ்சம் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தார். "சுர்மாவ இப்பிடிச் சீரழிக்கிறீங்களே" என்று சொல்லிக்கொண்டே வாப்பாவின் விரலில் தடவினதும் அவர்தான். வெள்ளைத்தாளில் வாப்பா விரலை வைத்து எடுத்தார்.

சரியாக வரவில்லை. ரேகையே இல்லை. ஓரம் கறுத்து, நடுவில் தேய்ந்த ஒரு முட்டை மாதிரி இருந்தது. என் முதல் படத்துக்கு முந்திய நாளே எண்ணெய் பூசி வைத்திருந்தோம். அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் இத்தனை வருட உப்பு இருக்கிறது.

"இன்னொருக்கா வைங்க வாப்பா, இது நல்லா இல்ல."

"நூறு தரம் வச்சாலும் இதான் என்ட விரல். அனுப்பு."

அனுப்பினேன். பார்த்ததற்கான இரண்டு நீல அடையாளமும் விழுந்தன, பதில் வரவில்லை. வாப்பா பொறுக்கவில்லை. "அந்த மனுசன எடு. நான் கதைக்கிறன்."

எடுத்து, சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தேன். அங்கேயும் ரிஸ்னா அப்படித்தான் வைத்திருப்பாள். இரண்டு பேரும் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"நானா," என்று வாப்பாவை அண்ணனாக்கிக் கூப்பிட்டார் ரிஸ்னாவின் வாப்பா, "உங்கட விரல்ல ரேகயே இல்லயே."

"உப்பு தின்டுட்டு. உங்கட விரல்ல இருக்கா?"

"எங்க இருக்கு? கயிறு தின்டுட்டு."

"அப்ப நல்லம். நம்ம ரெண்டு பேரும் களவெடுத்தாலும் பொலிசுக்குப் பிடிக்க ஏலாது."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. உம்மா கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு முடிந்ததும் ரிஸ்னாவின் வாப்பாவுடைய குரல் மாறியது.

"நானா, நான் வைக்கிறதுல எனக்கு ஒண்டும் இல்ல. நான் மீன்காரன், என்ன யார் பாத்தா என்ன. புள்ளைய அங்க இளக்காரமாப் பாக்க மாட்டாங்களா?"

வாப்பா என்னைப் பார்த்தார். "அங்க போனது நான் இல்ல. என்ட மகள்ட்டக் கேளுங்க," என்று போனை என் பக்கம் தள்ளினார்.

'இல்லை மாமா, யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று சொல்வது எளிது. நேரமும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவருக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். பொய்யை நம்பி விரல் வைத்தால், நாளைக்கு அவருடைய மகள் அந்தப் பார்வையைத் தனியாகச் சந்திப்பாள். என்னைப் போல.

"பாத்தாங்க மாமா," என்றேன். "கவுண்டர்ல இருந்தவ வாப்பாட கைநாட்டப் பாத்தா, பிறகு என்னப் பாத்தா. ஒரு தரம். அதுக்குப் பிறகு என்ட பெறுபேற்றப் பாத்தா. பாத்துட்டு, பேரப் பதிஞ்சா. நான் உள்ளுக்குப் போயிட்டன். வாப்பாட விரல்தான் என்ன உள்ளுக்கு விட்டிச்சு."

வாப்பாவுக்கு முன்னால் இதை நான் அதுவரை சொன்னதில்லை. அவர் சுர்மா ஒட்டியிருந்த விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அங்கே காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"மகள்," என்றார் ரிஸ்னாவின் வாப்பா. என்னையா ரிஸ்னாவையா என்று முதலில் தெரியவில்லை. "ஜீ.எஸ். எத்தன மணி மட்டும் இருப்பார்?"

"வாப்பா, இப்ப போனாப் பிடிக்கலாம்!" என்று அங்கே ரிஸ்னா கத்தினாள். செருப்புச் சத்தம் கேட்டது. போனை வைக்கக்கூட மறந்து போய்விட்டார்கள். நானும் வாப்பாவும், ஆளில்லாத அந்தக் கண்டக்குழி வீட்டின் காற்றைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு நான் வைத்தேன்.

அதன் பிறகுதான் மடிக்கணினியைத் திறந்தேன். முகவரிகளை இங்கிலிஷிலேயே விட்டு, பழையவற்றை அவற்றுக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று சிலாபத்துக்காரி சொன்னார். மற்றப் பக்கங்களுக்கு அப்படித்தான் செய்தேன். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பழைய தமிழ் முகவரியையே திரும்பக் கொடுத்தேன். வெள்ளைக்காரனைக் கழற்றி, தேய்ந்த முட்டையை வைத்தேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தேடுபொறி யாருக்கும் பதில் சொல்வதில்லை. நீங்கள் திருத்தியதை அது கண்டதா இல்லையா என்று தெரியாமல் காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான பகுதி. அந்த நேரத்தில் திரும்பத் திரும்பத் தொடாமல் இருப்பதற்கு ஒருவரையும் பாராட்ட மாட்டார்கள். ஆனாலும் தொடாதீர்கள்.

கோடு மெல்ல எழுந்தது. அந்த வருடத்து விண்ணப்பக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் கொஞ்சம் ஏறியது. பழைய உயரத்துக்கு இன்னும் வரவில்லை. வெள்ளைத் திரையில் முட்டித் திரும்பியவர்கள் என்ன செய்தார்கள், யாருடைய கிறுக்கலோடு விண்ணப்பம் போனது, போகாமலே நின்றது என்று எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

ரிஸ்னாவும் பிறகு எழுதவில்லை. முதலில் அது எனக்கு நோவாக இருந்தது. இப்போது இல்லை. தேடியது கிடைத்தவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்கள். நாம் செய்வது அதற்கான வேலைதான். நன்றி சொல்லத் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்த்து இந்தக் கதிரையில் உட்காராதீர்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் மஃரிப் தொழுகை நேரத்தில், எல்லாம் முடித்துவிட்டு, பழக்கத்தில் ஒருமுறை வருகைக் கணக்கைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். ஒரே ஓர் ஆள். ஊர் கொழும்பு என்று காட்டியது. இந்த நாட்டில் போனில் பார்க்கிற முக்கால்வாசிப் பேரின் ஊரும் கொழும்பு என்றுதான் காட்டும், கண்டக்குழியில் இருந்து பார்த்தாலும். படத்தைப் பார்த்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த ஆள் போகவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தார். நானும் எழும்பாமல் இருந்தேன்.

அந்தப் பக்கத்தை உங்களிடம் விட்டுப் போகிறேன். முகவரி மூன்று வரிக்கு நீளும். யாராவது வைரஸா என்று கேட்பார்கள். கேட்கட்டும். மாற்ற வேண்டாம்.